ஒற்றைப் பெடல் வண்டி

பிப்ரவரி 4

அக்கா,

நீ போனை எடுப்பதில்லை. அம்மா எடுத்து, "அவ குளிக்கிறாப்பா" என்கிறாள். காலையில் குளிக்கிறாய், மத்தியானம் குளிக்கிறாய், ராத்திரியும் குளிக்கிறாய். அந்த வீட்டுக் குழாயில் அவ்வளவு தண்ணீர் வராது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம்.

நான் என்ன கொலையா செய்துவிட்டேன்? எங்கள் பழைய இரும்புக் கிடங்கு முதலாளி வருஷத்துக்கு ஒரு முறை தன் அப்பா நினைவாக, நடக்க முடியாதவர்களுக்கு மூன்று சக்கர வண்டி கொடுக்கிறார். "உங்க வீட்ல அப்படி யாராச்சும் இருக்காங்களாடா?" என்று என்னிடம் கேட்டார். எடை மேடையில் உட்கார்ந்து நாள் முழுக்க லாரிகளை நிறுத்துப் பார்க்கிறவன் நான். அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசியதே அன்றுதான். உன் பெயரைக் கொடுத்தேன். அம்மாவிடம் கேட்டு உன் படத்தையும் வாங்கிக் கொடுத்தேன். ஏப்ரல் முதல் வாரம் விழா. நீ வந்து மேடையில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். வண்டியில் ஏறிச் சிரிக்க வேண்டும். படம் எடுப்பார்கள். அதன் பிறகு வண்டி உனக்கு. இதற்குப் போய் "நீ என் தம்பியே இல்ல" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாய்.

அம்மா இன்னொன்றும் சொன்னாள். மாடிப்படிக்குக் கீழே, மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்தில், யாரோ தூக்கிப் போட்ட சைக்கிள்களைப் பிரித்து வைத்துக்கொண்டு நீயே ஒரு மூன்று சக்கர வண்டி கட்டுகிறாயாமே? ஞாயிற்றுக்கிழமை ஆனால் அங்கேயே கிடக்கிறாயாம். மேல்வீட்டுக்காரர் "கடை போடப் போறீங்களா?" என்று கேட்டாராம். சைக்கிளே ஓட்டத் தெரியாத உனக்கு எதற்கு இந்த வம்பு? ரெடிமேடாக ஒன்று வருகிறது, வாங்கிக்கொள்ளேன்.

கோபம் ஆறியதும் எழுது. ஆறாவிட்டாலும் ஏப்ரலில் வந்துவிடு.

தம்பி


பிப்ரவரி 9

தம்பிக்கு,

போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய். "அக்கா, நான் சொல்றத கேளு, மொதல்ல நான் சொல்றத கேளு" என்பாய். நான் கேட்டு முடிப்பதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடும். காகிதத்தில் உன்னால் குறுக்கே விழ முடியாது. எனவே இனி கடிதம்தான்.

உன் முதலாளி கொடுக்கிற மாதிரி வண்டியை நான் பார்த்திருக்கிறேன். நான் துணி மடிக்கிற ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பூட்டு ரிப்பேர்காரர் அதில்தான் வருகிறார். முதுகுப் பலகையில் கொடுத்தவர் பெயர். இரண்டு பக்கத் தகட்டிலும் அதே பெயர், சக்கரத்தைவிடப் பெரிய எழுத்தில். பூட்டுக்காரரின் சொந்தப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. வண்டியில் எழுதியிருக்கிற பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

அது கையால் சுற்றி ஓட்டுகிற வண்டி. எனக்குக் கையில் என்ன குறை? ஈரப் போர்வை மூட்டை தூக்குகிற கை இது. சின்ன வயதுக் காய்ச்சலில் சூம்பியது இடது கால் மட்டும். வலது கால் கல்லு மாதிரி இருக்கிறது. இத்தனை வருஷமாக இரண்டு கால் வேலையைத் தனியாகப் பார்க்கிறது. அதை மடக்கி வைத்துவிட்டுக் கையால் சுற்ற வேண்டுமா? கொடுக்கிறவர்கள் எந்தக் கால் என்றுகூடக் கேட்பதில்லை. நீயும் என் படத்தைத்தானே கேட்டாய்.

காலையில் நான் லாண்டரி வேனில் ஏறுவதை நீ பார்த்ததில்லை. படி உயரம். டிரைவர் இறங்கி வந்து அக்குளில் கை கொடுத்து என்னைத் தூக்கி உள்ளே வைக்கிறார். "பாவம், வழி விடுங்கப்பா" என்கிறார். உடனே வேன் முழுக்கப் "பாவம், பாவம்" என்று நகர்ந்து கொடுக்கிறது. நல்ல மனுஷன். நல்ல மனுஷன் மேல் கோபப்படவும் முடியாது, அதுதான் பெரிய கொடுமை. என் வண்டியில் நானே ஏறி, மேம்பாலம் தாண்டி, வேலைக்குப் போய் இறங்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

இன்னொன்றும் உண்டு. உனக்குச் சொன்னால் சிரிப்பாய். இந்த வண்டி கட்டுகிற வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. வாரம் முழுக்க யாரோ படுத்த விரிப்பை மடிக்கிற கைக்கு, ஞாயிற்றுக்கிழமை ஒரு துருப்பிடித்த நட்டு "டக்" என்று விட்டுக்கொடுக்கிறபோது வருகிற சந்தோஷம் தனி. நகத்தில் கிரீஸ் போகவே மாட்டேன் என்கிறது. அம்மா திட்டுகிறாள். நான் மாடிப்படிக்குக் கீழே பாட்டுப் பாடிக்கொண்டு வேலை பார்க்கிறேன்.

நிஜமாகவே உதவ வேண்டுமென்றால் உங்கள் குவியலில் தேடு. ஒரே அளவில் இரண்டு பின்சக்கரம். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை வேண்டாம், என் இடுப்பைவிடக் கொஞ்சம் அகலமாக ஓர் அச்சுக் கம்பி. அதற்கு ஏற்ற பேரிங். பஸ் பார்சலில் போடு.

மேடைக்கு வர மாட்டேன்.

அக்கா


பிப்ரவரி 20

அக்கா,

பார்சல் அனுப்பிவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் குவியல் மேல் ஏறித் தேடினேன். அங்கே ஊரிலுள்ள சைக்கிளெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று கட்டிப்பிடித்துக் கிடக்கிறது. ஒரு சக்கரத்தை இழுத்தால் இன்னொன்று ஹேண்டில்பாரோடு கூடவே வருகிறது. சட்டை கிழிந்துவிட்டது. சக்கரம் இரண்டும் ஒரே அளவு, ஆனால் ஒன்று பச்சை, ஒன்று கறுப்பு. கலர் பார்க்காதே. அச்சுக் கம்பி ஏதோ ஓர் ஆலை எந்திரத்திலிருந்து வந்தது. வளையவே வளையாது.

என் சார்பில் ஒரு பரிசும் உள்ளே இருக்கிறது. ஃப்ரீவீல். குவியலில் பொறுக்கியது இல்லை, கடையில் வாங்கிய புத்தம் புதுசு. பெடலை நிறுத்தினாலும் வண்டி பாட்டுக்கு ஓடும், காதில் டிக் டிக் என்று கேட்கும். அந்தச் சத்தம் நன்றாக இருந்தால்தான் சைக்கிளுக்கு மரியாதை. கடைக்காரர் மூன்று நான்கு எடுத்துக் காட்டினார். சுற்றிக் கேட்டுக் கேட்டு இதை எடுத்தேன்.

இப்போது ஒரு கஷ்டம். பேனர் அடித்துவிட்டார்கள். கிடங்கு வாசலில் முதலாளி முகம் பெரிதாக. கீழே வரிசையாக வாங்குகிறவர்கள். மூன்றாவதாக நீ. அந்தப் படத்தில் நீ முறைத்துக்கொண்டு இருக்கிறாய், அது வேறு விஷயம். தினமும் உன் முறைப்பைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன். இப்போது போய் அக்கா வரவில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? அவர் வாயைத் திறந்தால் வேலை போகும். நீ வர வேண்டாம், சரி. வர மாட்டேன் என்று இப்போதே சொல்லாமலாவது இரு. கடைசி நாளில் காய்ச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம்.

தம்பி


மார்ச் 6

தம்பிக்கு,

காய்ச்சல் என்று சொல்ல மாட்டேன். ஒரு காய்ச்சல் வந்தது போதும்.

பச்சைச் சக்கரமும் கறுப்புச் சக்கரமும் அழகாக இருக்கின்றன. கிழிந்த சட்டையை அனுப்பு, தைத்துத் தருகிறேன்.

வேலை எப்படிப் போகிறது என்று எழுதுகிறேன், நீ கேட்காவிட்டாலும். முன்பாதிக்கு ஒரு லேடீஸ் சைக்கிள். நடுவில் குறுக்குக் குழாய் இல்லாததால் காலைத் தூக்காமல் ஏறிக்கொள்ளலாம். பின்னால் உன் கம்பியைப் படுக்கவைத்து இரண்டு முனையிலும் சக்கரம். முதலில் இரண்டையும் கம்பியோடு சேர்த்து இறுக்கிவிட்டேன். நேராகத் தள்ளினால் ராஜா மாதிரி போகிறது. திருப்பினால் ஒரு டயர் தரையைத் தேய்த்துக்கொண்டு அழுகிறது. திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும் என்பது எனக்கு உறைக்க ஒரு வாரம் ஆனது. இப்போது வலது சக்கரம் மட்டும் கம்பியோடு சுற்றும், இடது தன் போக்கில் ஓடும். இடது பெடலைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்தப் பக்கம் கால் வைக்க ஒரு தகடு. தெருமுனை வெல்டர் பற்றவைத்துக் கொடுத்தார்.

இனி எழுதப்போவதைப் படித்துவிட்டுக் கத்தாதே. உன் ஃப்ரீவீலையும் பற்றவைத்துவிட்டேன். உள்ளே எதுவும் நகராதபடி அடைத்தாகிவிட்டது. வெல்டர் கையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏம்மா, புதுசும்மா இது. இதப் போய் அடைக்கச் சொல்றீங்களே. யார் மேல கோவம்?"

"என் தம்பி மேல."

"அப்ப சரி" என்று கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

கோபம் காரணமில்லை. ஒற்றைக் காலால் மிதித்துப் பார், பெடல் கீழே போய் அங்கேயே நின்றுவிடும். அதை மேலே கொண்டுவர மறுகால் வேண்டும். எனக்கு அது இல்லை. நீ வாங்கிய ஃப்ரீவீல் சக்கரத்தைத் தனியாக ஓடவிட்டுப் பெடலைச் சும்மா நிற்கவைக்கிறது. இரண்டு கால் உள்ளவனுக்கு அது ஓய்வு. எனக்கு அது முட்டுக்கட்டை. அடைத்துவிட்டால் சக்கரம் சுற்றுகிறவரை பெடலும் சுற்றும். ஓடுகிற வண்டியே என் காலை மேலே தூக்கிக் கொடுக்கும். அடுத்த மிதி என்னுடையது. கால் நழுவாமலிருக்கப் பெடலில் ஒரு பெல்ட்டும் போட்டிருக்கிறேன்.

உன் முதலாளியிடம் இன்றே சொல்லிவிடு. நான் சொன்னதாகவே சொல்.

அக்கா


மார்ச் 12

அக்கா,

நான் காதில் வைத்துக் கேட்டு வாங்கிய ஃப்ரீவீல்! அதன் வாயை அடைத்துவிட்டாய். உலகத்தில் எந்தப் பைத்தியமாவது இப்படிச் செய்யுமா? பள்ளிக்கூடத்துக்கு, டியூஷனுக்கு, வேலைக்கு என்று சைக்கிளிலேயே வளர்ந்தவன் நான். ஹேண்டிலைப் பிடிக்காமல் ஓட்டுவேன். பெடல் நிற்காத வண்டி ஆளைக் கீழே தள்ளும். பழகாத உனக்கு அது ஆபத்து. சொன்னால் கேட்க மாட்டாய்.

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். வியர்த்துக் கொட்டியது.

"சார், அக்கா வரலையாம்."

"ஏன்?"

"கையால சுத்தற வண்டி வேணாமாம் சார். அவளே ஒண்ணு செய்யறாளாம்."

அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "திமிரு புடிச்சவளா இருப்பா போல. வேற ஆளப் போடு" என்றார். அவ்வளவுதான். சாயங்காலம் பேனரில் உன் முகத்தின் மேல் வேறொருவர் முகத்தை ஒட்டிவிட்டார்கள். இதற்கா நான் இத்தனை நாள் சோறு இறங்காமல் கிடந்தேன்? அவருக்கு நீயும் ஒன்றுதான், அந்த ஆளும் ஒன்றுதான். உன் கடிதத்தில் படித்தபோது எனக்குப் புரியவில்லை. அந்தப் பசை காய்வதைப் பார்த்தபோது புரிந்தது.

ஆனால் அவர் சும்மா விடவில்லை. மறுநாள் மேஸ்திரி வந்து, எடை மேடைக்கு வேறு ஆள் என்றார். என்னைக் குவியலுக்கு அனுப்பிவிட்டார்கள். தலைக்கு மேல் கூரை கிடையாது. உன் திமிருக்கு நான் காய்கிறேன்.

மாதக் கடைசியில் லீவு போட்டு வருகிறேன். அந்த வண்டியை நான் ஓட்டிப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் நீ தொட வேண்டும்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

தாடைத் தையல் பிரித்தாகிவிட்டதா? அம்மா பக்கத்து வீட்டிலெல்லாம் நீ குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லி வைத்திருக்கிறாள். உனக்கும் நாளடைவில் அதுவே உண்மையாகிவிடும். அதனால் நடந்ததை நான் எழுதி வைத்துவிடுகிறேன்.

"தள்ளு, மொதல்ல நான்" என்றாய். வண்டியைத் தெருவுக்கு இறக்கினாய். ஏறி உட்கார்ந்து மேல்வீட்டுக்காரரைப் பார்த்து ஒரு கையை வேறு ஆட்டினாய். தெரு நடுவில் மேடு, ஓரத்தில் சரிவு. வண்டி கொஞ்சம் சாக்கடைப் பக்கம் சாய்ந்தது. உடனே நீ ஹேண்டிலைச் சாக்கடைப் பக்கமே திருப்பினாய். சாய்ந்த பக்கம் திருப்பினால் சைக்கிள் நிமிரும், உன் உடம்புக்கு அது மட்டும்தான் தெரியும். இது மூன்று காலில் நிற்கிற வண்டி, திருப்பின பக்கம் போகும், வேறெதுவும் செய்யாது. பயந்து பெடலை நிறுத்தப் பார்த்தாய். பெடல் நிற்கவில்லை, உன் காலைத் தூக்கி அடித்தது. பிரேக் என்று ஒன்று கையிலேயே இருந்தது. அதை நீ நினைக்கவே இல்லை. பிறகு சாக்கடை. வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை என்பதையும் குறித்துக்கொள்.

நான் சிரித்தது தப்புதான். ஆனால் "எவண்டா இந்த வண்டியைச் செஞ்சது" என்று சேற்றுக்குள்ளிருந்து கத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாயே, அதற்கு யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

அதன் பிறகு நான் ஏறினேன். நீ தாடையைத் துணியால் அழுத்திக்கொண்டு, "மெதுவா, மெதுவா, வேணாம், எறங்கு" என்று கூடவே ஓடிவந்தாய். எனக்குச் சாய்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதே தெரியாது. ஒன்றும் செய்யவில்லை. வண்டி போனது. பெடல் கீழே போனது, தானே மேலே வந்தது, மறுபடி மிதித்தேன். தெருக்கோடி வரை போய் நானே திருப்பிக்கொண்டு வந்தேன். அப்போது நீ ஓடுவதை நிறுத்திவிட்டு நடுத்தெருவில் நின்றிருந்தாய். ஏதாவது சொல்வாய் என்று பார்த்தேன். "செயின் கொஞ்சம் தொங்குது" என்றாய். உன்னிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

குவியலில் வெயில் என்று நீ சொன்னபோது நான் பேசாமல் இருந்தேன். கல்நெஞ்சு என்று நினைத்திருப்பாய். எனக்கு வருத்தம்தான். உன் கழுத்து கறுத்துக்கிடந்ததைப் பார்த்தேன். ஆனால் மன்னிப்புக் கேட்க மாட்டேன். கேட்க வேண்டிய ஆள் வேறு. தானம் வேண்டாம் என்று ஒருத்தி சொன்னதற்கு அவள் தம்பியை வெயிலில் நிறுத்துகிறவன் கொடுப்பது தானமே இல்லை, அவன் கொடுப்பதற்கெல்லாம் ரசீது கேட்கிறான்.

இன்னும் வேலைக்குப் போக முடியவில்லை. மேம்பாலம் ஏறவில்லை. ஞாயிறு காலை போய்ப் பார்த்தேன். கால்வாசி தூரத்தில் வலது தொடை நடுங்கி வண்டி பின்னால் வர ஆரம்பித்துவிட்டது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரோ இரண்டு பேர் வந்து, "பாவம்" என்று தள்ளிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவோடு சண்டை போட்டேன், காரணமே இல்லாமல். நாளையும் வேன்தான்.

அக்கா


ஏப்ரல் 10

அக்கா,

தாடை ஆறிவிட்டது. குளியலறையில்தான் விழுந்தேன்.

விழா நடந்தது. நாற்காலி போடுகிற வேலை எனக்கு. உன் இடத்தில் வந்தவருக்கு இரண்டு கையும் பலமில்லை. கையால் சுற்றுகிற வண்டியில் அவரை ஏற்றி உட்காரவைத்து, கைகளை எடுத்துப் பிடியின் மேல் வைத்துப் படம் எடுத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. பிறகு அவர் மனைவியிடம் போய் வீட்டு விலாசம் வாங்கி வைத்திருக்கிறேன். அந்த வண்டியில் கால்பெடல் வைக்க முடியுமா என்று நீதான் சொல்ல வேண்டும். அவர் கால் இரண்டும் நன்றாக இருக்கிறது. பஸ்ஸுக்கு வேகமாக நடந்து போவதைப் பார்த்தேன்.

உன் பாலத்தைப் பற்றி யோசித்தேன். உன் தொடையைக் குறை சொல்லாதே, பின்னாலிருக்கிற பல்சக்கரம் சின்னது. சமதளத்துக்குத்தான் சரி. பெரிதாகப் போட்டால் மிதி லேசாகும், வேகம் குறையும். வேகத்தை வைத்து நீ என்ன செய்யப் போகிறாய்? என் தண்டனை இப்போதுதான் உதவியது. சைக்கிள்களைக் கொண்டுவந்து கொட்டுகிற இடமே இந்தக் குவியல்தான். எடை மேடையிலிருந்தபோது சாப்பாட்டு நேரத்தில் திருட்டுத்தனமாக ஏறினேன். இப்போது நாள் முழுக்க என் ராஜ்யம். மலைப்பாதை சைக்கிள் ஒன்று வந்தது, பின்னால் தட்டு அளவுக்குப் பல்சக்கரத்தோடு. அதைக் கழற்றினேன். உன் பின் அச்சுக்குப் பொருந்துகிற மாதிரி கிடங்குக்குப் பக்கத்து லேத்துக்காரர் கடைந்து கொடுத்தார்.

அதிலும் ஃப்ரீவீல் இருந்தது. நல்ல சத்தம். கொஞ்ச நேரம் சுற்றிக் கேட்டுவிட்டு, நானே பற்றவைத்து அடைத்தேன். வெல்டிங் கொஞ்சம் கோணலாக இருக்கும். உங்கள் தெருமுனைக்காரரிடம் காட்டாதே, சிரிப்பார்.

பாலத்திலிருந்து இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் பிடி. பெடல் உன் காலைப் பிய்த்துக்கொண்டு போகும். இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலாளி நேற்று குவியல் பக்கம் வந்தார். "என்னடா, உங்க அக்கா ராக்கெட் விட்டாச்சா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "தெருக்கோடி வரைக்கும் போயிடுச்சு சார், அடுத்து பாலம்" என்றேன். எனக்கும் சிரிப்பு வந்தது.

தம்பி


ஏப்ரல் 24

தம்பிக்கு,

கோணல் வெல்டிங் நன்றாகப் பிடித்திருக்கிறது. தெருமுனைக்காரரிடம் காட்டினேன். சிரித்தார்.

கைப்பலமில்லாதவருக்குச் செய்யலாம். அவர் உட்கார்ந்தால் முட்டி எங்கே வருகிறது என்று அளந்து அனுப்பு. ஹேண்டிலை முழங்கையால் தள்ளித் திருப்புகிற மாதிரி மாற்ற வேண்டும். பிரேக்கை எங்கே வைப்பது என்றுதான் இன்னும் புரியவில்லை. இந்த ஞாயிறு முழுக்க அதே யோசனை. மேல்வீட்டுக்காரர் தன் பழைய சைக்கிளை இறக்கிக் கொடுத்துவிட்டு, படிக்குக் கீழே ஒரு பல்பும் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

இன்று வேலைக்கு வண்டியில் போனேன்.

அம்மா வாசல்வரை வந்தாள். வேன் டிரைவருக்கு நேற்றே சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது, என்ன செய்ய. பாலத்தில் ஓரமாகப் போனால் சரிவு இழுக்கிறது. அதனால் கொஞ்சம் உள்ளே தள்ளியே ஏறினேன். உன் தட்டுச் சக்கரத்தோடு அது ஏறுகிறதுதான், ஆனால் எறும்பு மாதிரி. பாதி ஏறியதும் பின்னால் ஒரு லாரி. ஹாரன் அடித்தான். நான் நகரவில்லை, நகர இடமில்லை. மறுபடி அடித்தான். பிறகு பக்கத்தில் வந்து, கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினான்.

"ஏய்! ரோடு என்ன உங்க அப்பன் வீட்டு சொத்தா? ஓரமா போக மாட்ட?"

தகட்டின் மேல் மடங்கியிருந்த என் காலைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். அந்த முகம் மாறப்போகிறது, அடுத்து 'பாவம்' வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"காலங்காத்தால வந்து சேருதுங்க பாரு, உசுர வாங்க!"

தம்பி, என் வாழ்நாளில் ரோட்டில் யாரும் என்னைத் திட்டியதில்லை.

"ஆமாடா, எங்க அப்பன் வீட்டுதுதான்! அவசரம்னா பறந்து போடா!" என்று கத்தினேன். அவன் பதிலுக்கு ஏதோ சொன்னான். நானும் விடவில்லை. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் திட்டிக்கொண்டே ஏறியதில் பாலத்தின் உச்சி வந்ததையே நான் கவனிக்கவில்லை. அவன் கியர் மாற்றிப் போய்விட்டான். நான் இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, சிரிப்பு தாங்காமல் இறங்கினேன்.

துணி மடிக்கிற இடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். "ஐயோ பாவம், அப்படியா திட்டினான்?" என்றார்கள். அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? அதனால் உனக்கு எழுதுகிறேன்.

நாளைக்கும் அதே நேரத்துக்குத்தான் கிளம்பப்போகிறேன். அவனும் வருவான் என்று நினைக்கிறேன்.

அக்கா